மையவாடிப் படத்தில் இளநீலம்

ஊரின் அடக்கத்தலமான மையவாடியை நான் முதன்முதல் பார்த்தது மகளின் லெப்டொப்பில்தான். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே பிள்ளை பெற்று, இப்போது முழங்கால் மடங்காமல் கதிரையில் இருந்து தொழுகிற வயதும் வந்துவிட்டது. ஆனால் பள்ளிவாசலுக்குப் பின்னால், கடற்கரையோடு கிடக்கும் அந்தக் காணிக்குள் ஒரு நாளும் காலடி வைத்ததில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் வைப்பதில்லை. இறந்தவரின் ஜனாஸா வீட்டு வாசல் கடப்படியைத் தாண்டும் வரைதான் எங்களுக்கு. அதற்குப் பிறகு ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு போவார்கள். திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவுவார்கள். என்ன நடந்தது, எங்கே வைத்தார்கள் என்று யாராவது ஒருவர் இரண்டு வார்த்தை சொன்னால் உண்டு.

படம் எதற்கு வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். சில வருஷமாகக் கடல் எங்கள் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. போன மாரிக்கு மையவாடியின் கிழக்கு மதிலும் விழுந்தது. ஓரத்துக் கபுறுகள் சில திறந்து போயின. எலும்புகளைப் பொறுக்கி மேற்குப் பக்கமாகக் கொண்டுபோய் அடக்கினார்கள் என்று மருமகன் வந்து சொன்ன பகல், எங்கள் வீட்டில் ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. பிறகு பள்ளி நிருவாகம் கூடி, கடல் பக்கமாகக் கல் அணை போடுவதென்று முடிவெடுத்தது. கல் ஏற்றி வரும் டிப்பர் லொறிகள் மையவாடிக்குள்ளால்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. கபுறு இல்லாத இடமாகப் பார்த்து, பெக்கோ மெசினால் மணலை வெட்டி, கிறவல் மண் கொட்டி ஒரு பாதை போட வேண்டும். எது கபுறு, எது வெறும் மணல் என்று காட்ட ஒரு படம் செய்து தா மகள் என்று பள்ளித் தலைவர் என் மகளிடம் கேட்டார்.

மகள் அக்கரைப்பற்றில் ஒரு நில அளவைக்காரரிடம் வேலை செய்கிறாள். காணிப் படங்களைக் கம்ப்யூட்டரில் கீறுவதுதான் அவள் தொழில். அவளோடு வேலை செய்கிறவர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, ட்ரோனை மேலே விட்டு மையவாடி முழுவதையும் போட்டோ பிடித்துக் கொடுத்தார். அந்தப் போட்டோவுக்கு மேலே மகள் கபுறு கபுறாகக் கட்டம் கீறி நிறம் போட்டாள். பெரியவர்களின் கபுறுக்குப் பச்சை. சின்னப் பிள்ளைகளின் கபுறுக்கு இளநீலம். மணலை மணலாகவே விட்டாள்.

சாப்பாட்டு மேசையில்தான் அவள் வேலை. அதே மேசையின் மறு தொங்கலில் நான் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். சும்மா எட்டிப் பார்த்தேன். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. இராவணன் மீசைப் புல், தாழம் பற்றை, விழுந்த மதிலின் கல்லுகள், கபுறுகளின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் வரிசை வரிசையாக நட்ட மீசான் கட்டைகள். கடல் பக்க மூலையில் ஒரு மரத்தின் தலை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

"அது என்ன மரம் புள்ள?"

"பூவரசு போல இரிக்கு. ஏன் உம்மா?"

நான் உள்ளியைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்: "அதுக்குக் கிட்ட இளநீலம் போட்டிரிக்கியா?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். மரத்தின் நிழல் முடிகிற இடத்தில், இரண்டு சின்ன வெள்ளைப் பொட்டுகள். அதைச் சுற்றி அவள் கீறிய இளநீலக் கட்டம், நகத்தளவு. அதற்குத் தள்ளி, பொட்டில்லாத மேடுகளைச் சுற்றி இன்னும் சில கட்டங்கள்.

"ஓம், இங்க நாலஞ்சு சின்ன கபுறு கிடக்கு. ஏன் கேக்கிறீங்க?"

"அது உன்ட காக்காட."

"எந்தக் காக்கா?"

அவளுக்குக் காக்கா என்று கூப்பிட மூத்தவன் ஒருவன் இல்லை. அவள்தான் எனக்கு ஒரே பிள்ளை என்றே வளர்ந்தவள். அவளுக்கு முதல் ஒரு ஆண் பிள்ளை இருந்து மௌத்தானது என்று சின்ன வயதில் யாரோ சொல்லிக் கேட்டிருப்பாள். என் வாயால் நான் சொன்னதில்லை. மறைத்தும் வைக்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். நாற்பது நாள் முடியும் முன்னே அந்தப் பிள்ளை போய்விட்டது. நான் பிள்ளை பெற்ற அறைக்குள் கிடந்தேன். கடப்படி வரைக்கும்கூட என்னை எழுப்பி விடவில்லை. அவளுடைய வாப்பா பின்னேரம் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னது இவ்வளவுதான்: "கடல் பக்க மூலை. பூவரசுக்குக் கிட்ட. ரெண்டு சின்னக் கல்லு வெச்சிரிக்கன்." என்ன கல், எப்படிப்பட்ட கல் என்று நான் கேட்கவில்லை. அவரும் பிறகு அதைப் பற்றிக் கதைத்ததில்லை. கடல் பொங்கி ஊருக்குள் வந்த வருஷம் மட்டும், அந்தப் பூவரசு முறிந்துபோய்த் திரும்பத் துளிர்த்திருக்கிறது என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். எதற்காக அதை எனக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். இப்போது அவரும் அந்தக் காணிக்குள்தான், மேற்குப் பக்கமாக.

மகள் எழும்பி வந்து என் பின்னால் நின்றாள். உள்ளி மணக்கும் கையைப் பிடித்தாள். பிறகு போய் இருந்து வேலையைச் செய்தாள். அன்றைக்கு அவள் அந்தக் கட்டத்தின் கோட்டை மூன்று தரமாவது அழித்து அழித்துக் கீறியிருப்பாள்.

படம் முடிந்தது. அதோடு கரைச்சல் தொடங்கியது.

அவள் வைத்திருந்த பைலுக்கு டிஃப் என்று பெயர். போட்டோவில் உள்ளது உள்ளபடி அதற்குள் இருக்குமாம், ஒரு புள்ளிகூடக் குறையாதாம். ஆனால் கல்லுப் போலப் பாரம். பள்ளித் தலைவரின் போனில் அது திறக்கவேயில்லை. நிருவாகத்தில் இருக்கிற மற்ற ஆம்பிளைகளுக்கும் போன்தான். வாட்ஸ்அப்பில் போகாத ஒன்றை அவர்கள் பார்க்கப் போவதில்லை. அதனால் ஜேபெக் என்கிற வகைக்கு மாற்றி, நன்றாகச் சுருக்கி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் தலைவரின் குரல் வந்தது.

"மகள், படம் தொறந்திட்டு. ஆனாக் கோடெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கு. வெத்தில துப்பின மதில் மாதிரி இரிக்கு. இத வெச்சி எங்க வெட்டுற?"

மருமகன் கேட்டுவிட்டுச் சிரித்தார். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"போட்டோவுக்கு ஜேபெக் நல்லம் உம்மா. கீறின கோட்டுக்குச் சரிவராது. இந்த அளவுக்குச் சுருக்கினாக் கோட்டுக்குப் பக்கத்துல ஊத்த பிடிச்ச மாதிரி ஆகிடும்."

மருமகனுக்குக் கல்முனை பஸாரில் நூலும் பொத்தானும் விற்கிற சின்னக் கடை. அவர்தான் சொன்னார்: "ஒரு மையவாடிக்கு எத்தின நிறம் வேணும்? லச்சக்கணக்குல நிறத்த வெச்சிக்கிட்டுப் பாரம் பாரம் எண்டா? குறைச்சிப் போடு." மகளும் களைத்துப் போயிருந்தாள். அளவைக்காரரின் வேலை வேறு குவிந்து கிடந்தது. நிறத்தைப் பதினாறாகக் குறைத்து, பிஎன்ஜி என்கிற வகையில் வைத்தாள். கோடு கத்தியால் வெட்டியது போல நின்றது. பைலும் பஞ்சு போல ஆகிவிட்டது. தலைவர் உடனே "மாஷா அல்லாஹ்" என்று எழுதி அனுப்பினார். அடுத்த நாளே கல்முனையில் அதைக் கடதாசியில் அடித்து, சிவப்புப் பேனையால் பாதைக்குக் கோடு போட்டு, அந்தக் கடதாசியைப் போட்டோ பிடித்து மகளுக்கும் அனுப்பியிருந்தார்.

நான் அதைப் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. மகள் போனை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். படம் திறந்தே கிடந்தது. முதலில் மரத்தைத் தேடினேன். மரம் இருந்தது. அதற்குப் பக்கத்தால் சிவப்புக் கோடு நேராகக் கடலுக்குப் போனது. இளநீலத்தைக் காணவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மணல்தான்.

குசினி வாசலில் போய் நின்று, எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "சீனி காணுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டேன்.

"காணும். என்ன உம்மா?"

"அந்த இளநீலத்த அழிச்சிட்டியா?"

"எதுக்கு அழிக்கிற? இரிக்கும். பெருசாக்கிப் பாருங்க."

"பெருசாக்க எனக்கு வராது. நீ வந்து பாரு."

வந்து பார்த்தாள். போனில் பெரிதாக்கினாள். லெப்டொப்பைத் திறந்து, தான் அனுப்பிய பைலை எடுத்துப் பெரிதாக்கினாள். பிறகு பழைய பாரமான பைலையும் திறந்து பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் நகத்தளவு நீலம். மற்றதில் அதே இடத்தில் மணல். மீசான் கல்லின் வெள்ளைப் பொட்டும் மணலோடு மணல்.

"அல்லாஹ்," என்றாள். கதிரையில் இருந்துவிட்டாள்.

பதினாறு நிறம் போதும் என்று அவள் சொன்னாளே தவிர, எந்தப் பதினாறு என்று சொல்லவில்லையாம். கம்ப்யூட்டரே பார்த்து எடுத்துக்கொண்டதாம். கீழே போட்டோ இருந்ததால் மணல், புல்லு, கடல், மர நிழல் என்று அதிகமாகக் கிடந்ததற்கே நிறம் எல்லாம் போய்விட்டது. மணலுக்கு மட்டும் அஞ்சாறு விதம். பச்சை நிறைய இருந்ததால் தப்பியது. இளநீலம் கொஞ்சம்தானே, அதற்கென்று ஒன்றை ஒதுக்கவில்லை. அதற்குக் கிட்ட இருந்த நிறம் எதுவோ அதற்குள் போட்டுவிட்டது.

மருமகன் பகல் சாப்பாட்டுக்கு வந்தவர் கேட்டுவிட்டு, எனக்கு விளங்கட்டும் என்று சொன்னார்: "கடையில பதினாறு கட்ட நூல்தான் இரிக்கு எண்டு வைங்க மாமி. நீங்க இளநீலச் சட்டைக்கு நூல் கேட்டு வாறீங்க. நான் என்ன செய்யிற? கிட்டின நிறத்துல சாம்பல் நூலத்தான் எடுத்துத் தருவன்."

மருமகனோடு நேருக்கு நேர் கதைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. மகளைப் பார்த்துச் சொன்னேன்: "நான் வாங்க மாட்டன் எண்டு சொல்லு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நிறத்தைக் குறைக்கச் சொன்னவர் அவர் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அரைச் சோற்றோடு எழும்பினார். பெக்கோ மறுநாள் காலை வருகிறது என்று சொன்னதும் அவர்தான்.

மகள் திரும்பப் படத்தைச் செய்தாள். இந்த முறை கீழே இருந்த போட்டோவையே எடுத்துவிட்டாள். வெள்ளைக் கடதாசியில் கீறியது போல வெறும் கோடும் நிறமும். நிறங்களையும் கம்ப்யூட்டர் எடுக்க விடாமல் ஒவ்வொன்றாகத் தானே குறித்தாள். சின்ன கபுறுகளுக்கு இளநீலத்தை விட்டுவிட்டு, நாவல்பழ நிறத்தைக் கொடுத்தாள். எந்தப் போனிலும் தெரியும், எங்கும் கரையாது என்றாள். அனுப்பினாள். பதில் வரவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளித் தலைவரே வீட்டுக்கு வந்தார்.

தலைவர் கெட்ட மனுஷன் இல்லை. கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். மாரிக்கு முன்னே அணை முடிய வேண்டும் என்று ஓடித் திரிகிறவர். அவருடைய உம்மாவின் கபுறும் கடல் பக்கம்தான். முன் அறையில் இருந்தார். நான் உள் வாசல் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"மகள், காலைல பார்த்தாப் பாதை. பின்னேரம் பார்த்தா கபுறு. நாளைக்கு என்ன, கடலா?" என்றார்.

"முதல் அனுப்பினது பிழை சாச்சா. நிறத்தக் குறைச்சதுல விடுபட்டிட்டு."

"முதல் படத்துல போட்டோ இரிக்கு. போட்டோ பொய் சொல்லுமா? இதுல நீ கீறின கட்டம்தான் இரிக்கு. நான் பெக்கோக்காரனுக்கு எதக் காட்டுற?"

மகள் லெப்டொப்பைத் திறந்து பாரமான பைலைக் காட்டினாள். பெரிதாக்கினாள். பெரிதாக்கப் பெரிதாக்க அந்த வெள்ளைப் பொட்டுகள் சதுரம் சதுரமாக உடைந்தன. கல்லா, விழுந்த மதிலின் துண்டா, சிப்பியா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இது கபுறு எண்டு ஆர் சொன்ன? அந்த மூலையில அடக்கிக் கனகாலம். தோண்டின கிழவனும் மௌத்து. இந்தப் பக்கம் விட்டா அந்தப் பக்கம் பெரியாக்கள்ட கபுறு. கடலோரமாப் போனா டிப்பர் புதையும். சும்மா ரெண்டு பொட்டுக்காக நான் எங்க போற, சொல்லு பாப்பம்."

மகள் என் பக்கமாகப் பார்த்தாள். சீலைக்குப் பின்னால் இருந்து ஊர் ஆம்பிளையோடு நான் கதைத்தது என் வாழ்நாளில் எத்தனை தரம் இருக்கும்? வீட்டுக்காரர் இருக்கும்போது அவர் கதைப்பார். அவருக்குப் பிறகு மகள்.

"அது என்ட மகன்," என்றேன்.

முன் அறையில் கதிரை அசைந்த சத்தம் கேட்டது.

"ராத்தாவா?" என்றார். சொந்த அக்காவைக் கூப்பிடுவது போலக் குரல் தணிந்துவிட்டது. "நீங்க இடத்தக் கண்டீங்களா ராத்தா?"

"இல்ல. நாங்க எங்க காணுற? புள்ளட வாப்பா சொன்னவர். கடல் பக்க மூலை, பூவரசுக்குக் கிட்ட, ரெண்டு சின்னக் கல்லு."

"அவரு சொன்னாச் சரிதான். ஆனா ராத்தா, கடல் வந்து எல்லாத்தையும் புரட்டிப் போட்டுட்டுப் போனது. கல்லு அங்கதான் இரிக்கும் எண்டு எப்பிடிச் சொல்லுற?"

அவர் எழும்பினார். "நாளைக்குக் காலைல நானே போய் நிண்டு பாக்கிறன். பார்த்திட்டுச் சொல்றன்," என்று சொல்லி ஸலாம் கொடுத்துவிட்டுப் போனார்.

காலையில் பெக்கோ போகும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு முன் ரோட்டால்தான் போனது. மகள் வேலைக்குப் போகாமல் நின்றாள். மருமகனும் கடை திறக்கப் போகவில்லை. போனை நடுவில் வைத்துக்கொண்டு மூவரும் இருந்தோம். கடைசியில் ஒரு போட்டோ வந்தது. மரத்தின் அடி, சரிந்த மணல், புல்லு. புல்லுக்குள் வெள்ளையாக ஒரு கல். அதற்கு ஒரு முழம் தள்ளி இன்னொன்று, மேல் மட்டும் வெளுத்து அடி கறுத்து, ஒரு பக்கம் தட்டையாக. சீமெந்தா, மதிலின் துண்டா, தெரியவில்லை. போட்டோ வந்த கையோடு தலைவரும் போனில் கூப்பிட்டார். மகள் போனைப் பெரிய சத்தத்தில் வைத்தாள்.

"ராத்தாட்டக் காட்டு மகள். ராத்தா, இதுவா?"

பின்னால் மெசின் உறுமிக்கொண்டிருந்தது. பெக்கோக்காரர் ஆலையடிவேம்புப் பக்கத்து ஆள். அவர் சொல்வதும் கேட்டது: "அம்மா ஆறுதலாப் பாக்கட்டும் ஐயா. நான் நிப்பாட்டித்தான் வெச்சிருக்கன்."

நான் பார்த்தேன். பார்த்து என்ன செய்ய? அவர் வைத்த கல்லை நான் ஒரு நாளும் கண்டதில்லை. வெள்ளையா கறுப்பா என்று கேட்டதுமில்லை. அந்தக் கறுத்த கல்லைப் பார்க்கப் பார்க்க அது மதில் துண்டு என்றே மனம் சொன்னது. மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றேன். "அதுதான்."

"உறுதியா ராத்தா?"

"ஓம்."

"சரி. அப்ப அத விட்டுக் கடலோரமா வளைச்சிப் போறம், கிறவலக் கூடக் கொட்டினாச் சரி. அங்கால கிடக்கிற மத்தச் சின்னதுகள்? அதுகள்ல கல்லுமில்ல, ஒண்டுமில்ல. சும்மா மேடா இரிக்கு. மகள் கீறியிரிக்கா. ஆரும் உரிமை கேட்டு வரல்ல. அதுகள என்ன செய்யிற?"

யாருடைய பிள்ளைகளோ. அந்தத் தாய்மார் இருக்கிறார்களோ, மௌத்தாகிவிட்டார்களோ. இருந்தாலும் அவர்களும் என்னைப் போல ஒரு சொல்லைத்தான் கேட்டிருப்பார்கள். மகள் அதற்கு நாவல்பழ நிறம் போட்டது வெறும் போட்டோவைப் பார்த்து. அவளுக்கும் நிச்சயம் இல்லை, எனக்கும் இல்லை.

"அதுகளும் புள்ளைகள்தான்," என்றேன்.

"நீங்க சொல்றீங்களா ராத்தா?"

"ஓம். நான்தான் சொல்றன்."

போன் வைத்த பிறகு மகள் கேட்டாள்: "உம்மா, வாப்பா மத்ததுகளப் பத்தியும் சொன்னவரா?" நான் அவள் போனை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. லெப்டொப்பை எடுத்துப் பாதையின் கோட்டை வளைத்துக் கீறினாள்.

அன்று ளுஹருக்குக் கதிரையில் இருந்து தொழுதுவிட்டு அதிலேயே இருந்தேன். காணாததற்குச் சாட்சி சொல்வது லேசான காரியம் இல்லை என்று சின்ன வயதில் ஓதிக் கொடுத்தவர்கள் சொல்லித்தான் தந்தார்கள். நான் கண்டேன் என்று சொல்லவில்லையே, ஓம் என்றுதானே சொன்னேன் என்று எனக்குள்ளே சொல்லிப் பார்த்தேன். அந்தச் சாக்கு எனக்கே பிடிக்கவில்லை. அது அவனுடைய கல் இல்லை என்றால், அவன் அந்தப் பாதைக்குக் கீழேதான் கிடக்கிறானோ, அதற்கும் நான்தான் காரணமோ என்ற எண்ணம் அதோடு வந்து சேர்ந்துகொண்டது. பெக்கோ வளைந்து போன இடத்தில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. படத்தில் அது மணல்.

டிப்பர்கள் இன்னும் கல் ஏற்றிக்கொண்டு போகின்றன. அந்த வளைவு வந்தால் கியரைக் குறைக்க வேண்டும். காற்று கடல் பக்கமிருந்து அடிக்கும் நேரம் அந்த உறுமல் வீடு வரைக்கும் கேட்கும். கையில் என்ன வேலை இருந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டு, லொறி வளைந்து முடியும் மட்டும் இருக்கிறேன்.